அத்தை வீட்டு மொட்டை மாடி

"ஏண்டா, பத்திரிகையிலே ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே, உங்க அத்தை வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?"

டெலிபோனில் இந்தக் கேள்வி வந்தபோது இரவு மணி பதினொன்று. வெளியே ஐப்பசி மாதத்து அடைமழை. அத்தையின் குரலுக்குப் பின்னால் 'டொக்... டொக்...' என்று ஒரு தாளம் கேட்டுக் கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம், அத்தை?"

"கூடத்திலே அண்டா வெச்சிருக்கேன். அதிலே சொட்டறது. ரூமிலே குண்டான் வெச்சிருக்கேன். உங்க மாமா கட்டிலை மூணு தடவை நகர்த்தியாச்சு. இனிமே நகர்த்தணும்னா தெருவிலேதான் போடணும்!"

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஏனென்றால், அந்த மாடியை ரிப்பேர் செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாத குடும்பம் உண்டா? அப்படிப் புறப்பட்ட என் அத்தை முதல் தடவை எப்படி ஏமாந்தாள், இரண்டாம் தடவை எப்படி ஜயித்தாள் என்பதைச் சொன்னால், நேயர்களில் யாருக்காவது ஒரு லட்சம் ரூபாயாவது மிச்சமாகும் என்று நம்புகிறேன். ஆகவே அத்தையின் அனுமதியோடு எழுதுகிறேன்.

பல்லாவரத்துக் கல்

அத்தையின் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரியும் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்குப் பிறகு, "காற்றோட்டமான இடம், கிணற்றில் நல்ல தண்ணீர், ரயிலில் ஆபீசுக்குப் போய் வரலாம்" என்று பல குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்து மனை வாங்கின. மாமாவின் தகப்பனார் ரயில்வே குமாஸ்தா. 1962-ல் இந்த வீட்டைக் கட்டினார்.

கடைக்காலுக்குப் போட்டது பல்லாவரத்துக் கருங்கல். அந்தக் கல்லுக்கு உலகப் பிரசித்தி உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லும், நம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லும் ஒரே ஜாதி என்று கண்டுபிடித்த தாமஸ் ஹாலந்து என்ற நிபுணர், அதற்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். அத்தை இந்தச் சமாசாரத்தைக் கேட்டுவிட்டு, "கல்லு உசத்திதான், கூரை ஒழுகறதே!" என்றாள்.

கூரை 'மெட்ராஸ் டெரஸ்' வகை. நேயர்களில் பலர் பிறந்து வளர்ந்த வீட்டின் கூரையும் இதுவாகவே இருக்கும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் சுண்ணாம்புக் கலவையில் குறுக்குவாட்டமாக நிறுத்தி வைத்த சின்னஞ்சிறு செங்கற்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. அந்தக் காலத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் சுர்க்கியைத் தட்டுவார்கள். அப்படித் தட்டிய கூரை ஐம்பது அறுபது வருஷம் உழைத்தது ஆச்சரியமில்லை.

தேன் ஒழுகப் பேசியவர்

சென்ற ஆடி மாதம் ஒரு காண்டிராக்டர் வந்தார். பக்கத்துத் தெருவில் வேலை செய்து கொண்டிருந்தவர். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. "அம்மா, நீங்க எங்க அம்மா மாதிரி" என்றார். மாடிக்குப் போய் ஐந்து நிமிஷம் பார்த்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. மேலே ரெண்டு அங்குலம் சிமெண்ட் கலவை, அதுக்கு மேலே வாட்டர் புரூஃப் பெயிண்ட். ரெண்டு லட்சம். இருபது நாளிலே முடிச்சுடறேன்" என்றார்.

முதலில் அறுபதாயிரம் பாங்கி மூலம் அனுப்பினார்கள். சாமான் வாங்க வேண்டும் என்று ரொக்கமாக ஐம்பதாயிரம் வாங்கிக் கொண்டார். ஆட்களுக்குக் கூலி என்று இன்னொரு முப்பதாயிரம். ஆக, ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஆட்கள் வந்தது பதினொரு நாள். பிறகு டெலிபோன் செய்தால், "நாளைக்கு வரேம்மா." அதற்கும் பிறகு மணி அடித்துக் கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை.

மழை வந்தது. முன்பு ஓரிடத்தில் ஒழுகிய கூரை மூன்று இடத்தில் ஒழுகியது.

மாமாவின் ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. "போலீஸுக்குப் போகலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டாள் அத்தை. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எழுத்து மூலம் என்ன இருக்கிறது?"

ஒன்றும் இல்லை. பாங்கிக் கணக்கில் அறுபதாயிரத்துக்கு மட்டும் பதிவு இருந்தது. அதாவது, பணம் கொடுத்ததற்குச் சாட்சி உண்டு. என்ன வேலைக்கு, எத்தனை நாளில், எந்தச் சாமானைக் கொண்டு என்பதற்குச் சாட்சி இல்லை.

அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் எழுதினாள்: "காசுக்கு முன்னால் வேலை. வேலைக்கு முன்னால் காகிதம்."

முதலில் வைத்தியர், பிறகு மருந்து

அந்த நோட்டின்படி நடந்த முதல் காரியம், காண்டிராக்டரைத் தேடாமல் இருந்தது! மார்கழி கழியட்டும் என்று காத்திருந்து, தையில் ஓர் எஞ்சினீயரை அழைத்து வந்தோம். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையை அவர் எடுத்துச் செய்யப் போவதில்லை. ஆகவே, அதிக வேலை இருப்பதாகச் சொல்லி அவருக்கு ஒரு லாபமும் இல்லை. பார்த்து எழுதிக் கொடுப்பதற்கு ஐயாயிரம் ரூபாய் வாங்கிக் கொண்டார்.

ஏணி போட்டு ஏறி, உத்திரங்களின் முனைகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே வந்து சொன்னது இது:

"அம்மா, உங்கள் கூரையின் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு. அதில் அரசங்கன்று ஒன்று வேர் விட்டிருக்கிறது. தண்ணீர் போகும் குழாயை வேப்பிலை அடைத்திருக்கிறது. தேங்கின தண்ணீர் சுவருக்குள் இறங்கி, இரண்டு உத்திரங்களின் முனையை உளுக்க வைத்திருக்கிறது. இதை எதுவும் பார்க்காமல் மேலே கலவையைப் போட்டது பெரிய தப்பு. நூறு சதுரடியில் ஓர் அங்குலக் கனம் கலவை ஏற்றினால் ஏறக்குறைய அரை டன் பாரம். நீங்கள் ரெண்டு அங்குலம் ஏற்றியிருக்கிறீர்கள்!"

எங்கள் தலைக்கு மேலே நூறு சதுரடிக்கு ஒரு டன் வீதம் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. நோயைத் தெரிந்து கொள்ளாமல் மருந்து வாங்கினால் இப்படித்தான்.

தேவை, வசதி, ஆசை

அடுத்தது, என்னென்ன செய்வது என்ற ஜாபிதா. ஒரு வேலை தொடங்கினால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஆசை பிறந்து விடுகிறது. மாமாவுக்குப் பாத்ரூமில் வழுக்காத தரை வேண்டும். பேத்திக்குச் சமையல் அறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்க்க வேண்டும். அத்தைக்கு மேடை இன்னும் மூன்று அங்குலம் உயர வேண்டும். முப்பது வருஷமாகக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது.

அத்தை நோட்டில் மூன்று பத்தி கிழித்தாள்: தேவை, வசதி, ஆசை. கூரை, உத்திரம், பழைய மின்சாரக் கம்பிகள் ஆகியவை தேவை. பாத்ரூம் தரையும் சமையல் மேடையும் வசதி. மற்றவை ஆசை. கையில் இருந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடுவதில்லை என்று எடுத்து வைத்தாள். பழைய வீட்டைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்த எஞ்சினீயராலும் முழுக்கச் சொல்ல முடியாது.

தேவைப் பத்தியில் இன்னொன்றும் சேர்ந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரை இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு பொங்கி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. அத்தை வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஆகவே, மின்சாரப் பிளக்குகளை எல்லாம் மார்பு உயரத்துக்கு ஏற்றுவது என்றும், கழிவு நீர்க் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு போடுவது என்றும் தீர்மானம் ஆயிற்று. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே, அதைச் செய்யலாமா என்று மாமா கேட்டார். "அறுபது வயசு வீடு, மரக் கூரை. விளையாட வேண்டாம்" என்று எஞ்சினீயர் தடுத்துவிட்டார்.

சுவரை இடிக்கும் யோசனைக்கும் அவரே முற்றுப்புள்ளி வைத்தார். தூண் இல்லாத பழைய வீடுகளில் சுவர்தான் தூண். பேத்தி இடிக்கச் சொன்ன சுவரின் மேல்தான் நான்கு உத்திரங்கள் உட்கார்ந்திருந்தன. 2014 ஜூன் 28-ந் தேதி, போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டு போனார்கள். அது பெரிய கட்டடம். நம்முடையது சிறிய வீடு. ஆனால், எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அனுமதி வேண்டுமா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். பூச்சு, வெள்ளையடிப்பு, தரைக்கு டைல்ஸ் போன்ற சில்லறை வேலைகளுக்கு வேண்டியதில்லை. ஓர் அறையோ ஒரு மாடியோ கூட்டிக் கட்டினால் நிச்சயம் வேண்டும். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களெல்லாம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்து விட்டன. பழைய ஊராட்சி, நகராட்சி ஞாபகத்தில் யாராவது "நான் பார்த்துக்கறேன்" என்றால் நம்ப வேண்டாம். 2003 முதல் மழைநீர் சேகரிப்புத் தொட்டி எல்லா வீட்டுக்கும் கட்டாயம். புதுத்தரை போடும் உற்சாகத்தில் அதை மூடி விடவும் கூடாது.

மூன்று மதிப்பீடுகள்

இப்போதுதான் காண்டிராக்டர்கள் வந்தார்கள். மூன்று பேர். மூவருக்கும் எஞ்சினீயர் எழுதிக் கொடுத்த அதே ஜாபிதாவின் நகல். இது முக்கியம். ஒருவர் கத்தரிக்காய்க்கு விலை சொல்லி, இன்னொருவர் முருங்கைக்காய்க்கு விலை சொன்னால், எது மலிவு என்று எப்படித் தெரியும்?

முதலாமவர் ஜாபிதாவைப் பிரித்தே பார்க்கவில்லை. "எல்லாம் சேர்த்து ஆறு லட்சம்" என்றார். இரண்டாமவர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, "ஏழே கால்" என்றார். மூன்றாமவர் ஒரு மேஸ்திரி, குரோம்பேட்டைக்காரர். அதிகம் பேசவில்லை. டேப்பும் ரசமட்டமும் எடுத்து இரண்டு மணி நேரம் அளந்தார். நான்கு நாள் கழித்து நான்கு பக்கம் எழுதிக் கொண்டு வந்தார். உத்திரத்துக்கு இவ்வளவு, சுர்க்கிக்குச் சதுரடி இவ்வளவு, பழைய கலவையை வெட்டிக் குப்பை அள்ள இவ்வளவு என்று தனித்தனியாக. மொத்தம் எட்டு லட்சத்து நாற்பதாயிரம்.

"ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் அதிகமாச்சே!" என்று மாமா திடுக்கிட்டார்.

"ஆறு லட்சத்திலே குப்பை அள்றது சேர்த்தியா, இல்லையா? சொல்லுங்கோ பார்ப்போம்" என்றாள் அத்தை. மாமாவால் சொல்ல முடியவில்லை. முதலாமவருக்கே டெலிபோன் செய்து கேட்டோம். "அது தனிம்மா" என்றார். மின்சாரக் கம்பி? "அதுவும் தனி." உத்திரம்? "அதைப் பிரிச்சுப் பார்த்துச் சொல்றேன்." எல்லாத் தனியையும் கூட்டிப் பார்த்தபோது ஆறு லட்சம் எட்டரை லட்சத்தைத் தாண்டி நின்றது!

பழைய வீட்டு அம்மாள்

அத்தை அத்தோடு விடவில்லை. மேஸ்திரியிடம், "நீங்க மூணு, நாலு வருஷத்துக்கு முன்னாலே முடிச்ச வீடு மூணு சொல்லுங்க. போன மாசம் முடிச்சது வேண்டாம்" என்று கேட்டாள். நேற்று முடித்த வீடு மணப்பெண் மாதிரி. எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மூன்று மழையைப் பார்த்த வீடுதான் உண்மை பேசும்.

சேலையூர், சிட்லபாக்கம், பம்மல் ஆகிய மூன்று இடங்களுக்கும் நான் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். அந்த வீட்டுப் பெண்மணிகளிடம் அத்தை கேட்டவை ஐந்தே கேள்விகள்:

சொன்ன தேதி என்ன, முடிந்த தேதி என்ன?

சொன்ன தொகை என்ன, கொடுத்த தொகை என்ன?

நடுவில் ஆள் வராமல் எத்தனை நாள் நின்றது?

வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு கூப்பிட்டால் வந்தாரா?

இன்னொரு வேலை இருந்தால் இவரையே கூப்பிடுவீர்களா?

"கடைசிக் கேள்விக்கு வாய் சொல்ற பதிலை விட, முகம் சொல்ற பதிலைப் பார்க்கணும்" என்பது அத்தையின் சித்தாந்தம்.

பாத்ரூமுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டி, அது தானாக ஓட்டையைத் தேடிப் போகிறதா என்று பார்த்தாள். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டினாள்; உள்ளே காலியாக இருந்தால் 'டொப்' என்று பொள்ளல் சத்தம் வரும். பம்மல் வீட்டில் இரண்டு டைல்ஸ் அப்படிச் சத்தம் கொடுத்தன. ஆனால் அந்த வீட்டு அம்மாள், "நாலு டைல்ஸ் தூக்கினது. கூப்பிட்டவுடனே வந்து ரெண்டை மாத்திட்டார். மத்த ரெண்டுக்கும் அதே கலர் கிடைக்கலை. அதையும் அவரே வந்து சொன்னார்" என்றார். அந்தப் பதில் மேஸ்திரிக்கு ஆதாயமாகவே முடிந்தது. தவறே செய்யாதவரைத் தேடினால் அகப்பட மாட்டார். தவறை மறைக்காதவர் அகப்பட்டால் போதும்.

காகிதம்

பங்குனியில் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினார்கள். அதன் முக்கிய அம்சங்களைச் சொல்கிறேன். வேண்டியவர்கள் வெட்டி எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

நான்கு பக்க ஜாபிதா ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. சிமெண்ட், கம்பி, குழாய், மின்சாரக் கம்பி இவை எந்தக் கம்பெனி, எந்த ரகம் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். "முதல்தரமான சாமான்" என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை.

பணம் கட்டம் கட்டமாக. முன்பணம் பத்தில் ஒரு பங்கு. பிறகு உத்திரம் மாற்றியதும், சுர்க்கி முடிந்ததும், பூச்சு முடிந்ததும், மின்சார வேலை முடிந்ததும் என்று முடிந்த வேலைக்கு மட்டும். எல்லாம் பாங்கி மூலம். பத்தில் ஒரு பங்கு, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு.

ஜாபிதாவில் இல்லாத வேலை எது வந்தாலும், முதலில் தொகையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகே செய்ய வேண்டும்.

ஆட்களுக்குக் காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, குப்பையை எங்கே கொட்டுவது, வேலை முடியும் தேதி என்ன, தாமதமானால் என்ன செய்வது என்பவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மேஸ்திரி முழுவதையும் படித்தார். மழைக்காலம் வரை பணத்தை நிறுத்தும் ஷரத்தில் சற்றுத் தயங்கினார். "மழைன்னா எதும்மா? தேதி போட்டுடுங்க" என்றார். நியாயமான கேள்வி. டிசம்பர் 31 என்று எழுதினோம். நல்ல காகிதம் இரண்டு பேரையும் காப்பாற்றும்.

அத்தை சூப்பர்வைசர்

வேலை ஆரம்பித்ததும் அத்தையின் நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது. வந்த ஆட்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். கல்யாணத்துக்கு முன்பு அத்தை பாஸ் செய்திருந்த 'ப்ராத்மிக்' பரீட்சை ஐம்பது வருஷம் கழித்துப் பயன்பட்டது. "பானீ! பானீ!" என்று காலையும் மாலையும் அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். புதிய பூச்சையும் கான்கிரீட்டையும் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். வெயில் காலத்தில் பத்து நாள். சிமெண்டுக்குப் பலம் வருவது தண்ணீரால். ஆனால் கலக்கும்போது தண்ணீர் அதிகமானால் அதே பலம் போய்விடும். கான்கிரீட்டுக்கு ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு முப்பது லிட்டரைத் தாண்டக் கூடாது. வேலை சுலபமாகும் என்று ஆட்கள் இன்னொரு வாளி ஊற்றப் பார்ப்பார்கள். அங்கேதான் வீட்டுக்காரியின் கண் வேண்டும்.

எஞ்சினீயர் சொல்லிக் கொடுத்த பரீட்சைகள் எல்லாம் நோட்டில் ஏறின. சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சிட்டிருக்கும்; மூன்று மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். உள்ளே கையை விட்டால் குளுமையாக இருக்க வேண்டும். கட்டி தட்டுப்படக் கூடாது. இரண்டு செங்கல்லை மோதினால் 'கணீர்' என்று ஒலிக்க வேண்டும். கம்பிக்கு எடை உண்டு: 8 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 395 கிராம், 10 மில்லிமீட்டர் 617 கிராம், 12 மில்லிமீட்டர் 888 கிராம். இதற்கு நிரம்பக் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று அர்த்தம். அத்தை காய்கறிக்காரரின் தராசைக் கடன் வாங்கி ஒரு துண்டுக் கம்பியை நிறுத்தே விட்டாள்!

வேலைக்கு வந்த சித்தாள் பெண்களில் ஒருத்தி பதினெட்டு வருஷமாகக் கலவை சுமந்தவள். அவளுக்கு மோர் கொடுத்துக் கொண்டே அத்தை கேட்டாள்: "ஏம்மா, ஒரு மேஸ்திரி நல்லவரா, இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை கூலி சரியாக் குடுக்கிறாரான்னு பாருங்க. எங்களை ஏமாத்தறவர் உங்களை மட்டும் ஏமாத்தாம விடுவாரா?" என்றாள் அவள்.

இந்த வாக்கியம் நோட்டில் தனிப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது உத்திரம்

இடையில் ஒரு சோதனை வந்தது. கூரையின் ஓரத்தைப் பிரித்தபோது மூன்றாவது உத்திரமும் உளுத்திருந்தது. மேஸ்திரி வேலையை நிறுத்தி, அத்தையை ஏணி ஏறிப் பார்க்கச் சொன்னார். அத்தையால் ஏற முடியாததால் போட்டோ எடுத்துக் காட்டினார். எஞ்சினீயரும் வந்து பார்த்தார். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கூடுதல். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எடுத்து வைத்திருந்த ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பணம் வந்தது. சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. முதல் காண்டிராக்டராக இருந்தால் அந்த உளுத்த முனையின் மேல் பூசி விட்டுப் போயிருப்பார். மாமா அதன் கீழே படுத்திருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு வந்தால்? வழி இருக்கிறது. வீடு கட்டும் வேலையும் ஒரு சேவைதான் என்று 1993-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம்பரத்துக்காரர்கள் செங்கற்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரையில் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் யோசனை கேட்கலாம். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது, "எழுத்து மூலம் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

மழை வந்தது

வைகாசியில் வேலை முடிந்தது. ஒப்பந்தத் தேதிக்கு ஒன்பது நாள் தாமதம். ஐப்பசியில் மழை பிடித்துக் கொண்டது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மறுபடியும் டெலிபோன்.

எனக்கு நெஞ்சு 'திக்' என்றது. "என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லே. சத்தம் கேக்கறதா பாரு."

காதை வைத்துக் கேட்டேன். வெளியே மழையின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்கு நடுவே மாமாவின் குறட்டை.

"அண்டாவை வெச்சிருக்கேளா?"

"பழக்க தோஷம்; வெச்சுட்டேன். காலையிலே பார்க்கறேன்" என்றாள். காலையில் அண்டா காய்ந்து கிடந்தது. அன்று அதில் வெந்நீர் போட்டாளாம்.

டிசம்பர் 31-ந் தேதி மேஸ்திரி வந்தார். மாடிக்குப் போய், குழாயில் அடைத்திருந்த வேப்பிலையை யாரும் சொல்லாமலே அள்ளிப் போட்டார். மீதிப் பணத்தை அத்தை அவருக்கு எதிரிலேயே பாங்கி மூலம் அனுப்பிவிட்டுக் காப்பி கொடுத்தாள்.

சென்ற வாரம் போயிருந்தபோது அத்தை வீட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறாராம். மேஸ்திரி அனுப்பிய விலாசத்தை வைத்துக் கொண்டு வீட்டைப் பார்க்க வந்தவர். கையில் ஒரு நோட்டு.

"சொன்ன தேதி என்ன, முடிஞ்ச தேதி என்னங்க?" என்று அவர் ஆரம்பித்தார்.

அத்தை எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தாள். "அதெல்லாம் சொல்றேன். முதல்லே இதைக் கொண்டு போய்ப் பாத்ரூமிலே கொட்டிப் பாருங்க!" என்றாள்.